ஒரு தாலியும் இரண்டு கேள்விகளும்

ஆரணித் தறியில் இறங்குகிற முகூர்த்தப் பட்டுக்கு மதம் கிடையாது! அதே அரக்குச் சிவப்பு, அதே ஜரிகை பார்டர்... ஒரு புடவை முருகன் சன்னதிக்குப் போகும். பக்கத்துத் தறியில் நெய்த இன்னொன்று மாதா கோயில் பீடத்துக்கு முன்னால் போய் நிற்கும். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் கல்யாணத்திலும் பட்டுப்புடவை உண்டு, தாலி உண்டு. தாலியில் சிலுவையோ புறாவோ இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் புடவையெல்லாம் எடுத்து முடித்து, பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போகிற நேரத்தில் ஒரு கல்யாணம் நின்று போவதற்கு ஒரு விசித்திரமான காரணம் இருக்கிறது. பலருக்குத் தெரியாது. தெரிந்தவுடன் கோபம்தான் வரும்.

ஒரு கற்பனைக்கு வைத்துக்கொள்வோம். பையன் கத்தோலிக்கன். பெண் ஆரணி நெசவுக் குடும்பத்து இந்துப் பெண். அவளுக்கு ஏற்கெனவே கோயிலில் ஒரு கல்யாணம் நடந்து, இரண்டே வருடத்தில் கசந்து, கோர்ட்டில் முறைப்படி டைவர்ஸும் வாங்கியாகிவிட்டது. பையன் வீட்டில் முதலில் முறைத்து, பிறகு ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார்கள். 'சர்ச்சில்தான் கல்யாணம்' என்பது மட்டும் அவர்கள் கண்டிஷன். பெண் வீட்டிலும் சரி என்றாகிவிட்டது. பையனும் அவன் அப்பாவும் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போகிறார்கள்.

"சாமி, பொண்ணு இந்து. அதுக்கு ஆயர்கிட்ட அனுமதி வாங்கணும்னு தெரியும். வாங்கிக் குடுத்துடுங்க."

"வாங்கலாம். பொண்ணுக்கு இது முதல் கல்யாணம்தானே?"

"இல்லைங்க சாமி. ஆனா டைவர்ஸ் ஆயிடுச்சு. கோர்ட் பேப்பர் இருக்கு."

சாமியார் பேப்பரை வாங்கிப் பார்க்கிறார். திருப்பிக் கொடுக்கிறார்.

"இது கவர்மென்ட்டுக்குப் போதும். எங்களுக்குப் போதாது, தம்பி."

பையனுக்குத் தலை சுற்றுகிறது. முதல் மாப்பிள்ளை இந்து. பெண்ணும் இந்து. தாலி கட்டியது கோயிலில். மந்திரம் சொன்னது ஐயர். இதில் சர்ச் எங்கே வந்தது? 'அது எங்கள் கல்யாணமே இல்லை, போய்க்கொண்டே இருங்கள்' என்றல்லவா சர்ச் சொல்ல வேண்டும்?

அங்கேதான் விஷயமே! கத்தோலிக்கச் சர்ச் அப்படிச் சொல்லாது. சொல்லவும் முடியாது. முழுக்காட்டப்படாத இருவர், அவரவர் வழக்கப்படியும் நாட்டுச் சட்டப்படியும் மனமொப்பிச் செய்துகொண்ட கல்யாணம் நிஜமான கல்யாணம் என்பது அதன் பழைய கொள்கை. அருட்சாதனம் என்கிற புனிதத் தகுதி வேண்டுமானால் அதற்கு இல்லையே தவிர, கட்டு கட்டுதான். அந்தக் கட்டு இருக்கிறவரை அந்தப் பெண் இன்னொருவரின் மனைவி. கோர்ட் என்ன சொன்னாலும் சரி.

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு மரியாதையும் ஒளிந்திருக்கிறது. ஒரு பிடிவாதமும் ஒளிந்திருக்கிறது. கோயிலில் கட்டிய தாலியை ரோம் மதிக்கிறது. மதிப்பதாலேயே அவிழ்க்க மறுக்கிறது!

இன்னும் ஒரு படி மேலே போகலாம். முழுக்காட்டப்படாத இருவரின் கல்யாணம் செல்லுமா செல்லாதா என்று ஒரு சர்ச் கோர்ட் விசாரித்தால், எந்தச் சட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும்? அந்த இருவரும் கல்யாணத்தின்போது எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டிருந்தார்களோ அந்தச் சட்டத்தை வைத்துத்தான் என்கிறது, சர்ச் கோர்ட்டுகளுக்காக 2005-ல் வாடிகன் வெளியிட்ட நடைமுறை விதித்தொகுப்பு. ஆரணி, வேலூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே உட்கார்ந்திருக்கிற சாமியார்-நீதிபதி, 1955-ம் வருட இந்துத் திருமணச் சட்டத்தைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் தமிழ்நாடு அந்தச் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்து, சுயமரியாதைத் திருமணத்துக்கும் அங்கீகாரம் கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? ஆக, 'கடவுளே வேண்டாம்' என்று பெரியார் படத்துக்கு முன்னால் மாலை மாற்றிக்கொண்ட கல்யாணம்கூட, இந்தத் தர்க்கப்படி ரோமாபுரிக்குச் செல்லும்! (பெரியாருக்கு இது தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.)

சரி, 'செல்லாது' என்று சர்ச் தீர்ப்புச் சொல்கிறதே, அது என்ன? அது சர்ச் கொடுக்கிற டைவர்ஸ் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. ஆரணிக்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். நெய்து முடித்த புடவையை இரண்டாகக் கிழிப்பது டைவர்ஸ். 'தறியில் பாவே ஒழுங்காகப் பிணைக்கப்படவில்லை, புடவை என்ற ஒன்று உருவாகவே இல்லை' என்று கண்டுபிடித்துச் சொல்வது செல்லாமைத் தீர்ப்பு. தாலி கட்டிய அந்த நாளில் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. அதற்குப் பிறகு நடந்த சண்டைகள் அல்ல. சம்மதம் மிரட்டி வாங்கப்பட்டதா? முக்கியமான ஒன்றை மறைத்து ஏமாற்றினார்களா? குழந்தையே கூடாது என்று ஒருவர் முதலிலேயே மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாரா? கல்யாணம் என்றால் என்ன பொறுப்பு என்று புரிந்துகொள்கிற மனநிலை இருந்ததா? இதில் ஏதாவது ஒன்று நிரூபணமானால், 'அன்றைக்கே அது கல்யாணம் இல்லை' என்று தீர்ப்பாகும். (பிறந்த குழந்தைகள் என்ன ஆவார்கள் என்று பயப்பட வேண்டாம். பெற்றோரில் ஒருவராவது நல்லெண்ணத்தோடு செய்துகொண்ட கல்யாணம் என்றால், பின்னால் அது செல்லாது என்று ஆனாலும் குழந்தைகள் முறைப்படி பிறந்தவர்களே என்று சர்ச் சட்டத்தின் 1137-வது விதி சொல்கிறது.)

சரித்திரத்தில் இதற்காகப் பெரிய ரகளை செய்தவர் இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி. அவர் கேட்டதும் டைவர்ஸ் அல்ல. இறந்துபோன தன் அண்ணன் ஆர்தரின் மனைவி கேதரினை, அதற்கென்றே போப்பிடம் விசேஷ அனுமதி வாங்கி, 1509-ல் கல்யாணம் செய்துகொண்டார். ஆண் வாரிசு தங்கவில்லை. 'அண்ணன் பொண்டாட்டியைக் கட்டியது தப்பு. அந்த அனுமதியே செல்லாது, ஆகவே கல்யாணமும் செல்லாது' என்று கிளம்பிவிட்டார். ஏழு வருட இழுபறிக்குப் பிறகு 1534-ல் போப் ஏழாம் கிளமென்ட் சொன்ன தீர்ப்பு: கல்யாணம் செல்லும்! ஒரு தேசமே ரோமிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது.

இதில் ஒரு வேடிக்கை. இங்கிலாந்து ராஜாவுக்கு 'முடியாது' என்று சொல்லி மூன்றே வருடம் கழித்து, 1537-ல், அடுத்த போப் மூன்றாம் பவுல் ஓர் ஆணை போடுகிறார். அது ராஜாக்களுக்கு அல்ல. ஸ்பெயின்காரர்கள் புதிதாகப் பிடித்திருந்த அமெரிக்க மண்ணின் பூர்வகுடிகளுக்கு. அங்கே பலருக்குப் பல மனைவிகள். கிறிஸ்தவனானால் ஒருத்திதான். யாரை வைத்துக்கொள்வது? முதலில் கட்டியவளை. யார் முதலில் என்று ஞாபகமே இல்லையென்றால்? யாரையாவது ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்!

1571-ல் ஐந்தாம் பயஸ் இன்னும் கொஞ்சம் தளர்த்தினார். கணவனோடு சேர்ந்து ஞானஸ்நானம் பெறுகிற மனைவி எவளோ, அவள் முதலாமவளாக இல்லாவிட்டாலும் அவளோடு வாழலாம். 1585-ல் பதிமூன்றாம் கிரகரி காலத்து ஆணை படிக்கும்போது மனசு கனத்துப்போகும். அங்கோலா, எத்தியோப்பியா, பிரேசில் போன்ற இடங்களிலிருந்து பிடித்துக் கடல் தாண்டிக் கொண்டுபோகப்பட்ட அடிமைகள். மனைவி ஒரு கரையில், புருஷன் இன்னொரு கரையில். அவர்கள் கிறிஸ்தவர்களாகி, போன இடத்தில் மறுமணம் செய்துகொள்ளலாம். அக்கரையில் இருப்பவரிடம் கேட்க வழியில்லாவிட்டால் கேட்கவும் வேண்டியதில்லை என்றது அது. அடிமை வியாபாரத்தை அது ஒன்றும் செய்யவில்லை. அறுந்த கல்யாணங்களுக்கு மட்டும் விதி எழுதியது.

'கேட்கவும் வேண்டியதில்லை' என்றேனே... எதைக் கேட்க வேண்டும்? அதற்கு மூலம் இன்னும் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் கொரிந்து என்கிற துறைமுக நகரத்துச் சபைக்குப் புனித பவுல் எழுதிய முதல் கடிதம், ஏழாம் அதிகாரம். புருஷனோ மனைவியோ ஒருவர் மட்டும் கிறிஸ்தவராகிவிட்டால் என்ன செய்வது? மற்றவர் சேர்ந்து வாழச் சம்மதித்தால் சேர்ந்தே வாழுங்கள். அவர் பிரிந்து போனால் போகட்டும், உங்களுக்குக் கட்டு இல்லை. பவுல் சொன்னதன் சாரம் இதுதான். இதிலிருந்து பிறந்ததைத்தான் 'பவுல் சலுகை' என்கிறார்கள். அதைப் பயன்படுத்த, மதம் மாறாத துணையிடம் இரண்டு கேள்விகள் கேட்டே ஆக வேண்டும். ஒன்று: நீயும் ஞானஸ்நானம் பெற விரும்புகிறாயா? இரண்டு: இல்லையென்றால், படைத்தவரை நிந்திக்காமல் இவரோடு சமாதானமாகவாவது வாழச் சம்மதமா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால், மாறியவர் மறுமணம் செய்துகொள்ளலாம்.

இந்த விதிகளெல்லாம் காகிதத்தில் சுலபம். தமிழ் மண்ணில் இதற்காக ஒரு தலை உருண்டிருக்கிறது.

ஜான் டி பிரிட்டோ. 1647-ல் லிஸ்பனில் பிறந்து, மதுரை மிஷனுக்கு வந்து, காவி கட்டி, மாமிசம் விட்டு, 'அருளானந்தர்' ஆனவர். மறவர் சீமையில் அவர் போதித்தபோது தடியத்தேவர் என்கிற பிரமுகர், தீராத நோய் குணமானதும் கிறிஸ்தவராக விரும்பினார். சாதாரணப் பிரமுகர் அல்ல. ராமநாதபுரம் அரியணைக்கே உரிமை கொண்டாடக்கூடிய வம்சம். அவருக்குப் பல மனைவிகள். அருளானந்தர் சொன்ன நிபந்தனை ஒன்றே ஒன்று: முதல் மனைவி மட்டும்தான் மனைவி.

தடியத்தேவர் ஒப்புக்கொண்டார். 1693 ஜனவரி 6-ல் ஞானஸ்நானம். மற்ற மனைவிகளைக் கூப்பிட்டு, 'இனி நீங்கள் எனக்குச் சகோதரிகள், ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொன்னதாக அருளானந்தரின் சரிதங்கள் சொல்கின்றன. நேற்று வரை மனைவி, இன்று காலையிலிருந்து சகோதரி!

அவர்களில் இளையவள் கடலாயி. அவள் சும்மா இருக்கவில்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவள், ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் நெருங்கிய உறவுப் பெண். நேராக அரண்மனையில் போய் முறையிட்டாள். சேதுபதிக்கு இதில் வீட்டுப் பெண்ணின் கண்ணீர் மட்டும் தெரியவில்லை. அரியணைக்குப் போட்டியானவர் ஒருவர் புதிதாக ஒரு கூட்டத்தோடு சேருவதும் தெரிந்தது. ஜனவரி 8-ல் அருளானந்தர் கைதானார். ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஓரியூருக்கு அனுப்பினார்கள். பிப்ரவரி 4-ல் தலை வெட்டப்பட்டது. 1947-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். ஓரியூரில் செம்மண்ணை அள்ளி நெற்றியில் இட்டுக்கொள்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. இந்துக்களும்தான்.

புனிதருக்குக் கோயில் இருக்கிறது. கடலாயிக்கு? சரிதங்கள் அவளைப் புகார் சொன்னவளாகத்தான் ஞாபகம் வைத்திருக்கின்றன. எனக்கென்னவோ அவள் பக்கம் நின்று பார்க்கத் தோன்றுகிறது. அவள் காலத்து வழக்கப்படி அவள் முறையான மனைவி. மதம் மாறியது புருஷன். தள்ளப்பட்டது அவள். பவுலின் இரண்டு கேள்விகள்கூட அவளுக்குப் பொருந்தாது. ஏனென்றால், சர்ச்சின் கணக்கில் அவள் மனைவியே இல்லை. மனைவியாக இருந்தால்தானே கேள்வி! (கிழவன் சேதுபதி 1710-ல் இறந்தபோது, அவருடைய மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறினார்கள் என்று சொல்வார்கள். ஒரு பெண்ணுக்குப் புருஷன் என்பது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்த ஊர் அது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.)

இன்றைக்கு நடைமுறையில் உள்ள 1983-ம் வருடச் சர்ச் சட்டத் தொகுப்பில் 1148-வது விதியைப் படித்தால், கடலாயியை மனதில் வைத்தே எழுதினார்களோ என்று தோன்றும். பல மனைவிகள் உள்ளவன் ஞானஸ்நானம் பெற்று, முதல் மனைவியோடு வாழ்வது கடினம் என்றால், மற்றவர்களில் ஒருத்தியை வைத்துக்கொள்ளலாம் என்று பழைய சலுகையைச் சொல்லிவிட்டு, மூன்றாவது பத்தியில் ஆயருக்கு ஒரு கட்டளை: முதல் மனைவிக்கும் அனுப்பப்பட்ட மற்ற மனைவிகளுக்கும் தேவையானது போதிய அளவு கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1693-க்கும் 1983-க்கும் நடுவே 290 வருடங்கள்.

ஓரியூர் சம்பவம் நடந்து 11 வருடம் கழித்து, பாண்டிச்சேரியில் வேறொரு ரகளை. போப்பின் தூதராக வந்து இறங்கிய டூர்னோன், 1704-ல் ஒரு நீண்ட தடைப் பட்டியல் போட்டார். இங்கிருந்த மிஷனரிகள் தமிழ்ச் சடங்குகளுக்கு ரொம்பவும் இடம் கொடுக்கிறார்கள் என்று கோபம் அவருக்கு. கிறிஸ்தவப் பெண்கள் பிள்ளையார் உருவம் போட்ட தாலியை அணியக்கூடாது. மஞ்சள் தோய்த்த 108 இழைக் கயிறு கூடாது. இழையை எண்ணிப் பார்த்துத் தடை போட்டிருக்கிறார் மனிதர்! ஆனால் கவனியுங்கள். தாலியின் மேல் இருந்த உருவத்தைத்தான் ரோம் எதிர்த்தது. இந்து கட்டிய தாலி கல்யாணமாகாது என்று அது அப்போதும் சொல்லவில்லை.

ஆரணிப் பக்கத்துக்குத் திரும்புவோம். ஆரணிக்குத் தெற்கே சேத்துப்பட்டு. அங்கே லூர்து மாதா கோயிலைப் பார்த்திருப்பீர்கள். தாது வருஷப் பஞ்சம் என்று தாத்தா பாட்டிகள் சொன்ன 1876-78 பஞ்ச காலத்திலும் அதற்குப் பிறகும், தார்ராஸ் என்கிற பிரெஞ்சுப் பாதிரியார் சேத்துப்பட்டை மையமாக வைத்து, அன்றைய வடஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இப்படிக் கூட்டமாக மதம் மாறும் இடத்தில், வீட்டுக்குள் பாதி பாதியாகப் பிரிவதும் நடக்கும். மனைவி மாறுவாள், புருஷன் மாறமாட்டான். புருஷன் மாறுவான், பெண்ணை அவள் அப்பா வந்து அழைத்துக்கொண்டு போய்விடுவார்.

இந்தச் சிக்கலை வெள்ளைக்கார சர்க்கார் அதற்கு முன்பே கவனித்திருந்தது. வைஸ்ராய் சபையில் சட்ட உறுப்பினராக இருந்தவர் ஹென்றி மெய்ன். (இதிலும் ஒரு ஹென்றி!) அவர் கொண்டுவந்ததுதான் 1866-ன் 21-வது சட்டம்: மதம் மாறியவர்களின் திருமண முறிவுச் சட்டம். கிட்டத்தட்ட பவுல் சலுகையைத் தூக்கி அப்படியே சர்க்கார் சட்டமாக்கிய மாதிரிதான். கிறிஸ்தவராக மாறிய ஒரே காரணத்துக்காகப் புருஷனோ மனைவியோ தொடர்ந்து ஆறு மாதம் ஒதுக்கி வைத்தால் கோர்ட்டுக்குப் போகலாம். உடனே தீர்ப்பு கிடையாது. விட்டுப் போனவரைக் கூப்பிட்டு, 'சேர்ந்து வாழ மறுப்பது உன் சொந்த விருப்பமா?' என்று நீதிபதி கேட்க வேண்டும். 'ஆமாம்' என்றாலும் ஒரு வருடம் ஒத்திவைக்க வேண்டும். ஒரு வருடம் கழித்து மறுபடி அதே கேள்வி. அப்போதும் மறுத்தால்தான் கட்டு அவிழும். இருவருமே மறுமணம் செய்துகொள்ளலாம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறவர்கள் யார்? புருஷன் என்றால் 16 வயது முடிந்திருக்க வேண்டும், மனைவி என்றால் 13! பதிமூன்று வயதுப் பெண், ஜில்லா ஜட்ஜ் முன்னால் நின்று தன் சொந்த விருப்பத்தைச் சொல்ல வேண்டும். அப்பா வாசலில் நிற்பார்.

கத்தோலிக்கச் சர்ச்சுக்கு இந்தச் சட்டம் தேவைப்படவில்லை. அதனிடம்தான் ஏற்கெனவே மூலப்பிரதி இருந்ததே! தங்கள் முறைப்படி நடக்கும் கல்யாணங்களை இந்தச் சட்டம் செல்லாததாக்காது என்று ஒரு பிரிவும் அதிலேயே சேர்க்கப்பட்டது.

நம் கற்பனை ஜோடியைச் சாமியார் வீட்டு வராந்தாவிலேயே நிற்க வைத்துவிட்டோம். அவர்களுக்கு மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, பெண்ணின் முதல் கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று சர்ச் கோர்ட்டில் நிரூபிப்பது. இந்துப் பெண் சர்ச் கோர்ட்டில் வழக்குப் போடலாமா? தாராளமாகப் போடலாம், முழுக்காட்டப்படாதவருக்கும் அந்த உரிமை உண்டு. அங்கே போனால் ஒரு விசித்திரமான மனிதரைச் சந்திப்பாள். 'பிணைப்பின் காவலர்' என்று பதவி. அந்தக் கல்யாணம் செல்லும் என்பதற்கு நியாயமாக என்னவெல்லாம் சொல்ல முடியுமோ அதையெல்லாம் எடுத்து வைப்பதுதான் அவருடைய வேலை. புருஷன் வேண்டாம் என்றாலும், மனைவி வேண்டாம் என்றாலும், கல்யாணத்துக்காக வாதாட ஒருவர்! 1741-ல் போப் பதினான்காம் பெனடிக்ட் உருவாக்கிய பதவி இது. அவரே இன்னொரு பூட்டும் போட்டார்: ஒரு கோர்ட் 'செல்லாது' என்றால் போதாது, மேல்கோர்ட்டும் அதையே சொல்ல வேண்டும். 274 வருடம் கழித்து, 2015-ல் போப் பிரான்சிஸ்தான் அந்த இரட்டைப் பூட்டைக் கழற்றினார். இப்போது ஒரு தீர்ப்பு போதும், யாரும் அப்பீல் போகாவிட்டால். முடிந்தவரை இலவசமாக நடத்துங்கள் என்றும் சொன்னார்.

இரண்டாவது வழி, பவுல் சலுகை. ஆனால் அதற்குப் பெண் தானாக விரும்பி ஞானஸ்நானம் பெற வேண்டும். பிறகு அந்த முதல் புருஷனிடம் அந்த இரண்டு கேள்விகள் போகும். அவர் பாட்டுக்கு ஏதோ ஒரு ஊரில், புதுக் குடித்தனம்கூட நடத்திக்கொண்டிருப்பார். ஆயரிடமிருந்து கடிதம் வந்து, 'நீங்கள் ஞானஸ்நானம் பெற விரும்புகிறீர்களா?' என்று கேட்டால் எப்படி இருக்கும்! பதில் போடாமல் விட்டால்? கொடுத்த கெடு முடிந்ததும் மௌனம் 'இல்லை' என்றே கொள்ளப்படும் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட வேண்டும். 1145-வது விதி. நம் ஊரில் மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி. அங்கே நேர் எதிர்!

மூன்றாவது வழி, பெண் இந்துவாகவே இருக்க விரும்பினால். அப்போது விஷயம் ரோமுக்கே போகும். முடிவு சொல்ல வேண்டியவர் போப். இதற்கு 1924-ல் ஒரு முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து ஹெலெனா மறைமாவட்டம். ஞானஸ்நானம் பெறாத ஒருவர், ஆங்கிலிக்கன் சபைப் பெண்ணைக் கட்டிப் பிரிந்தவர், ஒரு கத்தோலிக்கப் பெண்ணைக் கட்ட விரும்பினார். போப் பதினோராம் பயஸ் முதல் கட்டை அவிழ்த்துவிட்டார். கடைசியாக 2001-ல் இதற்கு விதிமுறைகள் புதுப்பிக்கப்பட்டன. முதல் கல்யாணம் இனி ஒட்டவே ஒட்டாது என்று நிச்சயமாக வேண்டும். அதை உடைத்ததில் கேட்பவர் மட்டுமே குற்றவாளியாக இருக்கக்கூடாது. இப்போது கட்டப் போகிற ஆள் அதற்குக் காரணமாக இருந்திருக்கக்கூடாது. கைவிடப்பட்ட துணைக்கும் பிள்ளைகளுக்கும் செய்ய வேண்டியதைச் செய்தாக வேண்டும்.

'இதெல்லாம் எதற்கு, பேசாமல் கோயிலிலேயே தாலி கட்டிவிடலாம்' என்று நண்பர்கள் யோசனை சொல்வார்கள். பத்திரம்! ஆந்திராவில் 1996-ல் அப்படித்தான் ஒரு ரோமன் கத்தோலிக்கப் பையன் இந்துப் பெண்ணுக்குக் கோயிலில் தாலி கட்டினான். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 2008-ல் தீர்ப்பு வந்தது: இந்துத் திருமணச் சட்டம் இரண்டு பேரும் இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும், ஆகவே இது கல்யாணமே இல்லை. சர்ச்சும் அந்தத் தாலியை ஏற்காது. கத்தோலிக்கர் ஒருவர் ஆயரின் அனுமதி இல்லாமல் வேறு முறையில் கட்டியதாயிற்றே. அபூர்வமாக, அரசும் சர்ச்சும் ஒரே குரலில் பேசுகிற இடம்! ரிஜிஸ்டர் ஆபீஸில், 1954-ம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் செய்துகொண்டால் சர்க்கார் ஒப்புக்கொள்ளும். சர்ச்சுக்கு அதுவும் போதாது.

மற்றபடி இந்த இரண்டு கோர்ட்டுகளும் ஒன்றையொன்று திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த இடைவெளியில் விழுந்தவர்கள் உண்டு. கேரளத்தில் ஒரு கத்தோலிக்கப் பெண். முதல் கல்யாணம் செல்லாது என்று சர்ச் கோர்ட் தீர்ப்புக் கொடுத்தது. அதை நம்பி இரண்டாவது கல்யாணம். பிறகு அந்த இரண்டாவது புருஷனே கோர்ட்டுக்குப் போனார்: 'இவளுக்கு முதல் புருஷன் இருக்கிறான், எங்கள் கல்யாணம் செல்லாது.' 1996-ல் சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. 1869-ம் வருட இந்திய விவாகரத்துச் சட்டப்படி சிவில் கோர்ட் அவிழ்க்காத கட்டை, சர்ச் கோர்ட் அவிழ்த்ததாக எடுத்துக்கொள்ள முடியாது. சர்ச்சின் கணக்கில் அவள் இரண்டாமவரின் மனைவி. சர்க்காரின் கணக்கில் முதலாமவரின் மனைவி. நிஜத்தில் இரண்டு பேரோடும் இல்லை.

அவள் ஏன் முதலிலேயே சிவில் கோர்ட்டுக்குப் போகவில்லை என்று கேட்பது சுலபம். அன்றைய சட்டத்தைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். மனைவிக்கு வேறு தொடர்பு இருக்கிறது என்று நிரூபித்தால் கிறிஸ்தவக் கணவனுக்கு டைவர்ஸ் கிடைத்துவிடும். கணவனுக்கு வேறு தொடர்பு இருக்கிறது என்று மனைவி நிரூபித்தால் போதாது. கூடவே கொடுமையோ, இரண்டு வருடம் கைவிட்டதோ அதுபோல இன்னொன்றும் வேண்டும்! அப்படியே ஜில்லா கோர்ட்டில் ஜெயித்தாலும், ஹைகோர்ட்டில் மூன்று நீதிபதிகள் உறுதி செய்தால்தான் அது செல்லும். பரஸ்பர சம்மதத்தில் பிரிவது என்ற பேச்சே அந்தச் சட்டத்தில் கிடையாது. 132 வருடம் இப்படியே ஓடி, 2001-ல்தான் பார்லிமென்ட் திருத்தியது.

சர்ச் தீர்ப்பையும் சட்டம் ஏற்கட்டுமே என்று கர்நாடகத்திலிருந்து ஒருவர் பொதுநல வழக்குப் போட்டுப் பார்த்தார். 2017 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அதையும் தள்ளுபடி செய்துவிட்டது.

ஆனால் இந்தியாவிலேயே ஒரு மூலையில் கதை வேறு. கோவா. போர்ச்சுகல், வாடிகனோடு 1940-ல் செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஒட்டி, 1946-ல் தன் காலனிகளுக்கு ஓர் ஆணை போட்டது. கோவா 1961-ல் இந்தியாவோடு சேர்ந்தபிறகும் அந்த ஆணை அங்கே தொடர்ந்தது. அதன்படி, சர்ச்சில் நடந்த கல்யாணம் செல்லாது என்று சர்ச் கோர்ட் தீர்ப்புக் கொடுத்தால், அது ஹைகோர்ட்டுக்குப் போய் முத்திரை பெற்று, சர்க்கார் பதிவேட்டிலும் ஏறிவிடும். மறுபடி சிவில் கோர்ட்டில் முதலிலிருந்து வழக்கு நடத்த வேண்டியதில்லை. (சும்மா கிடைத்த சலுகை அல்ல. சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டவர்கள் சிவில் டைவர்ஸ் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்ததாகவே அந்த ஒப்பந்தம் எடுத்துக்கொண்டது.)

கேரளத்துப் பெண்ணின் கையில் இருந்ததும் அதேபோன்ற சர்ச் கோர்ட் தீர்ப்புதான். பனாஜியில் என்றால் அது முத்திரை பெற்று, பதிவேட்டில் ஏறியிருக்கும். கேரளத்தில் அது ஒரு வெறும் காகிதம்.